நள்ளிரவில் எந்தக் கதவைத் தட்டுவது?

நெஞ்சுவலி என்றால் எங்கே ஓடுவது என்று மைசூருவில் யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் ஒருவர் நாள்கணக்கில் தூங்காமல், யாரோ கொல்ல வருவதாகக் கதறினால் குடும்பமே திகைத்து நிற்கிறது. ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சத்தில் அறையைப் பூட்டுகிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். தமிழ்நாட்டின் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அதன் பிறகும் பூட்டியும் கட்டியும் வைக்கும் இந்த வழக்கம் ஒழியாதது நமக்குப் பெரிய வேதனை.

மைசூரு கே.ஆர். மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. நெருக்கடியில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை அளிக்கவும் அது வழி செய்திருக்கிறது. மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இது தாலுகா மருத்துவமனையின் இரவுப்பணி மருத்துவருக்கும், ஏன், காவல் நிலையத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் அதற்கான பயிற்சியை உடனே தொடங்கட்டும்.

குடும்பத்தாரே, பாதிக்கப்பட்டவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கு எட்டாமல் வையுங்கள். விடியட்டும் என்று காத்திராமல் 14416-ஐ அழையுங்கள்.