இலையில் கசப்புக்கும் ஓர் இடம்

நகரத்துப் பூங்காக்களின் வாசலில், காலை வேளைகளில், எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக வைத்துக்கொண்டு பாகற்காய்ச் சாறு, வேப்பிலைச் சாறு, அருகம்புல் சாறு என்று விற்கிறவர்களையும், நடை முடிந்து வியர்வையோடு வந்து அவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வயிற்றுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்ற திருப்தியோடு வீடு திரும்பும் கனவான்களையும் காணும்போதெல்லாம், நாம் கசப்பை மதிக்கத் தொடங்கியிருக்கிறோமா, அல்லது அடுக்களையிலிருந்து அதைத் துரத்திவிட்டுத் தெருவில் காசு கொடுத்து வாங்குகிறோமா என்ற சந்தேகம் எனக்கு உண்டாகிறது. அதே கனவான்களின் வீட்டில் பாகற்காயை உப்பிட்டுப் பிசறிப் பிழிந்து, புளியும் வெல்லமும் தாராளமாகச் சேர்த்து, கசந்த சுவடே தெரியாமல் செய்தால்தான் அது இலையில் விழும்.

கசப்பு தம்ளரில் குடிக்கவேண்டிய வஸ்து அன்று, சோற்றோடும் நெய்யோடும் மற்ற ஐந்து சுவைகளோடும் சிறிதளவாக உண்ணவேண்டியது என்பதே என் அபிப்பிராயம். பழைய சமையல் இதை நன்கு அறிந்திருந்தது. பங்குனி, சித்திரையில் வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துப் பூவைச் சேர்த்து, தூசி போகப் புடைத்து, காயவைத்து எடுத்துவைப்பார்கள். ரசம் நுரை கட்டி இறக்கிய பின்னரே அந்தப் பூவில் ஒரு கரண்டியை நெய்யில், கருகுவதற்கு ஒரு கணம் முந்திய பதத்தில், வறுத்துக் கொட்டுவார்கள். கூடவே போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பெல்லாம் நீரில் இறங்கி, ரசத்தை வாயில் வைக்க முடியாது. ஏகாதசிப் பட்டினிக்குப் பின் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் நெல்லிக்காயும் இடம்பெறுவதிலும், பட்சணங்களால் மந்தித்த வயிற்றுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, சுக்கு, மிளகு, சீரகம், பெருங்காயம் முதலியவற்றை வறுத்து இடித்த அங்காயப் பொடியைச் சுடுசோற்றின் முதல் கவளத்தில் பிசைந்து கொடுப்பதிலும் ஒரே யுக்தியைத்தான் காண்கிறேன்: ஆகாரம் வருகிறதென்று வயிற்றுக்கு நாவின் வழியாகவே சொல்லியனுப்புவது.

இதற்குச் சாஸ்திர ஆதாரம் இல்லாமற் போகவில்லை. ஜீரண சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற ருஷ்ய தேசத்துப் பாவ்லோவ், விழுங்கிய உணவு இரைப்பையை எட்டாமல் கழுத்து வழியே வெளியேறும்படி செய்யப்பட்ட நாய்களுக்கும், உணவு வாயில் பட்டுச் சில நிமிஷங்களுக்குள் இரைப்பை நீர் சுரப்பதைக் காட்டினார். குடலிலும் கசப்பை உணரும் ஏற்பிகள் உண்டென்று பிற்கால ஆராய்ச்சி கண்டிருப்பது மெய்யே; ஆனால் அவற்றால் மனிதனுடைய ஜீரணத்துக்கு எவ்வளவு பிரயோஜனம் என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. அப்படியிருக்க, வேப்பிலையைப் பொடித்துக் காப்ஸ்யூலில் அடைத்து, கசப்பே தெரியாது என்பதையே அதன் பெருமையாகச் சொல்லி விற்கும் வியாபாரத்தை என்னென்பது!

கசந்ததெல்லாம் மருந்து என்ற நம்பிக்கையோ இதைக் காட்டிலும் அபாயகரமானது. 2010ஆம் ஆண்டு தில்லியில் விஞ்ஞானி ஒருவர் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தார். சுரை, வெள்ளரி முதலியவற்றில் சில சமயம் மிகுந்துவிடும் குகர்பிட்டாசின் என்னும் நஞ்சே அந்தக் கசப்புக்குக் காரணம். சாறு பிழியுமுன் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிடவேண்டும் என்று பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிபுணர் குழு சொல்லிற்று. வெள்ளரிப் பிஞ்சின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்த பிறகே அரிவாள்மணையில் உட்காரும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது புதிய உபதேசம் அன்று. வேம்பிலுங்கூட, பூ வேறு, எண்ணெய் வேறு. கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வாந்தியும் வலிப்பும் உண்டானதை மலேசிய மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து உண்பவர்கள் பாகற்காய்ச் சாற்றையும் சேர்த்துக் குடித்தால் இரத்தத்தில் சர்க்கரை மட்டுக்குமீறி இறங்கிவிடக்கூடும். வயிற்றுப் புண் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் இந்தச் சாறுகளைத் தொடாதிருப்பது நலம். நிலவேம்புக் குடிநீரோ ஜுரத்துக்கென்று ஒன்பது சரக்குகள் கூட்டி வகுக்கப்பட்டது. பசி எடுக்கட்டும் என்று அதை நாள்தோறும் காப்பிக்குப் பதிலாகக் குடிப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய கல்யாணப் பந்தியில் இனிப்பே மூன்று நான்கு வகை பரிமாறப்படுகிறது. கசப்பென்று சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவது இனிப்பை நிறுத்திவிட்டு, அந்த மூலையில் நெய்யில் பொரித்த சுண்டைவற்றல் நாலைந்து வைக்கச் சமையல்காரர்கள் முன்வரலாம், செலவும் குறையும். வீட்டில் குழந்தைகளுக்குப் பாகற்காயைத் திணித்து அழவைப்பதைவிட, கசப்புக் குறைந்த மணத்தக்காளி வற்றலை நெய்ச் சோற்றில் நொறுக்கிப் போட்டுத் தொடங்கலாம். வேப்பம்பூ இரண்டு மூன்று வருஷம் பொறுத்து வரட்டும்.