ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு சீருடை எதற்கு?

போன ஜூன் மாதம் என் மகளின் பள்ளி டைரியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு வந்தது. பெண் பிள்ளைகள் பினோஃபார்ம் போட்டுத்தான் வர வேண்டும், டவுசரில் அனுப்பக் கூடாது என்று. மகளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. அண்ணனுக்குச் சின்னதாகிப்போன டவுசர் அவளுக்கு அளவாக இருந்தது. அதே பள்ளி, அதே நிறம், ஒரே தானிலிருந்து வெட்டிய துணி. இரண்டு நாள் ஆசையாகப் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் டைரி பேசிவிட்டது.

பெற்றோர் கூட்டத்தில் எழுந்து காரணம் கேட்டேன். ஆசிரியைகளும் சொன்னார்கள், மற்ற பெற்றோரும் சொன்னார்கள். அந்தப் பதில்கள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை என்று நான் நினைக்கவில்லை. திருவண்ணாமலையில் எந்தப் பள்ளி வாசலில் நின்று கேட்டாலும் ஏறக்குறைய இதேதான் காதில் விழும். சொன்னவர்கள் பிள்ளைகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அதனால்தான் அவர்கள் சொன்னதை ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பேத்திக்காக வந்திருந்தார். "சீருடைன்னு வச்சதே எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணுன்னு காட்டத்தான் தம்பி. அதுல போயி ஆளுக்கு ஒரு மாதிரி கேட்டா எப்படி?"

அவர் சொன்னதில் பாதியை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய காலத்தில், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை என்று ஊர்க்காரர்களே பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்த காலம் அது. சீருடையும் அந்த வேகத்தில்தான் பரவியது. கிழிந்த சட்டைக்காரப் பிள்ளையும் பட்டுப் பாவாடைக்காரப் பிள்ளையும் பக்கத்தில் உட்காரும்போது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியக் கூடாது என்பது அதன் நோக்கம். இன்றைக்குச் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை அரசே தருகிறது. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் பெண்கள் உட்கார்ந்து தைக்கும் சீருடை அது. இதையெல்லாம் குறை சொல்லும் எண்ணம் எனக்குக் கிடையாது.

ஆனால் சாதியையும் காசையும் வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்ன அதே சீருடை, ஆண் இந்தப் பக்கம், பெண் அந்தப் பக்கம் என்ற கோட்டை மட்டும் இன்னும் அழுத்திப் போடுகிறது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி டிராயரில் தெருவில் ஓடுகிறார்கள். திங்கட்கிழமை பள்ளிதான் அவர்களைப் பிரிக்கிறது. எல்லாரும் ஒன்று என்று காட்டத்தான் சீருடை என்றால், அந்தப் பெரியவரின் வாதம் என் பக்கம்தான் நிற்கிறது.

அடுத்தது, நான் அதிகம் கேட்ட வாதம். "சின்னக் குழந்தைதானே சார், பாவாடை போட்டா என்ன குறைஞ்சிடப் போகுது?"

எது குறைகிறது என்று தெரிய வேண்டுமானால் இடைவேளை நேரத்தில் பள்ளித் திடலில் கால் மணி நேரம் நின்றால் போதும். சறுக்கு மரத்தில் ஏறும் பெண் பிள்ளை ஒரு கையால் கம்பியைப் பிடிக்கிறது, இன்னொரு கையால் பாவாடையைப் பிடிக்கிறது. பையனுக்கு ஏற இரண்டு கை, இவளுக்கு ஒன்று. ஊஞ்சலில் உட்கார்ந்ததும் முதலில் பாவாடையைத் தொடைக்குக் கீழே மடித்துச் செருகுகிறாள், பிறகுதான் காலை உந்துகிறாள். காற்று அடித்தால் ஓட்டம் நிற்கிறது. வகுப்பில் தரையில் உட்கார்ந்தால் "காலை ஒடுக்கி உக்காரு", "முட்டிய மூடு" என்று ஒரு குரல். அந்தக் குரல் பையனிடம் போவதே இல்லை. இதனால்தான் பாவாடைக்குள் ஒரு டைட்ஸை மாட்டி அனுப்புகிறார்கள் அம்மாக்கள். சித்திரை வெயில் அடங்காத ஜூன் மாதத்தில், மலையின் பாறையே கொதித்து ஊருக்குள் அனல் வீசும்போது, அந்தப் பிள்ளைக்கு இரண்டு உடுப்பு. பாவாடை மட்டும் போதாது என்று அம்மாக்களுக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிதான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஓடி ஆடுவதற்கு முன்பே தன் உடம்பை யாராவது பார்க்கிறார்களா என்று யோசிக்கும் பழக்கம் ஆறு வயதில் அவளுக்குள் இறங்குகிறது. எனக்கு வலிப்பது இந்த இடம்தான்.

இது என் கண்ணுக்கு மட்டும் படுவதில்லை. 135 நாடுகளின் தரவுகளைச் சேர்த்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார அமைப்பின் அளவு. தொடக்கப்பள்ளி வயதில் அந்த அளவை எட்டும் பையன்களுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் உள்ள இடைவெளி, பெரும்பாலான பள்ளிகளில் சீருடை இல்லாத நாடுகளில் 5.5 சதவீதப் புள்ளி, சீருடை உள்ள நாடுகளில் 9.8. சீருடைதான் காரணம் என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை கட்டாயம் என்ற ஒரு பள்ளியின் விதியை எதிர்த்து 2016இல் வழக்குப் போட்டார்கள். வழக்கில் இருந்த மூவரில் ஒருத்தி மழலையர் வகுப்புப் பிள்ளை. ஏறி விளையாட முடியவில்லை, உட்காரவே சங்கடம் என்பதுதான் அங்கேயும் புகார். பெண் என்பவள் எளிதில் உடையக்கூடிய பாத்திரம், அவளை மதித்துப் பாதுகாக்கப் பையன்களைப் பழக்குகிறோம் என்கிற ரீதியில் விளக்கம் சொன்னார் பள்ளியை நிறுவியவர். 2022 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அதன்மேல் வந்த மனுவை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

எங்கள் பள்ளியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. புதன்கிழமை விளையாட்டு வகுப்பு. அன்றைக்கு ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே டிராக் பேண்ட், ஒரே பனியன். புதன்கிழமை கெடாத ஒழுக்கம் வியாழக்கிழமை எப்படிக் கெடும் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

ஓர் அம்மா சொன்னதற்கு மட்டும் என்னால் உடனே மறுப்புச் சொல்ல முடியவில்லை. "டவுசர்ல கொக்கி, ஜிப்பு எல்லாம் இருக்கு. பாத்ரூம் அவசரத்துல பாப்பா கழட்ட முடியாம நனைச்சுக்கறா. பாவாடைன்னா தூக்கிக்கலாம்." நூற்றுக்கு நூறு உண்மை. நம் பள்ளிக் கழிவறைகளில் குந்தித்தான் உட்கார வேண்டும், அதற்குப் பாவாடை எளிது. ஆனால் அந்தக் கொக்கியும் ஜிப்பும் பையனையும் இதே பாடு படுத்துகின்றன. ஐந்து வயதுப் பையன் நனைத்துக்கொண்டு அழுதபடி நிற்பதைப் பார்க்காத ஆசிரியை உண்டா? இதற்குத் தீர்வு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைப்பது. இரண்டு பேருக்கும். பாவாடைதான் வசதி என்று நினைக்கும் பிள்ளை பாவாடையே போடட்டும். பாவாடையைத் தடை செய்யச் சொல்லி நான் எங்கேயும் கேட்கவில்லை.

பிறகு பண்பாடு வந்தது. கோயில் ஊர் இது, இங்கே போய் இப்படியா என்று.

கோயில் ஊர் என்பதால்தான் நானும் பேசுகிறேன். பினோஃபார்ம், ஆங்கிலேயர் நடத்திய பள்ளிகளில் இருந்து நமக்கு வந்த உடுப்பு. அதன் பெயரே நம் வாயில் பாதி உடைந்துதான் வருகிறது. நம் வீடுகளின் பழக்கம் வேறு. ஒரு வயது ஆகாத ஆண் குழந்தைக்குப் பாவாடை கட்டி, பொட்டு வைத்து, பூ முடித்து, ஸ்டுடியோவுக்குத் தூக்கிப்போய்ப் படம் எடுத்து மாட்டாத வீடு எத்தனை? என் அண்ணனின் அந்தப் படம் இன்னும் அம்மாவின் பீரோவுக்குள் இருக்கிறது. மொட்டையும் காதுகுத்தும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அரைஞாண் கயிறு இரண்டு பேருக்கும் உண்டு. குழந்தையைக் குழந்தையாக மட்டும் பார்க்கத் தெரிந்த பண்பாடு நம்முடையது.

இந்த ஊரில் கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் லட்சக்கணக்கான பேர் கழுத்து வலிக்க மலையையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்து நிற்கிறோமே, யாருக்காக? அர்த்தநாரீஸ்வரருக்காக. ஆண்டுக்கு ஒரு முறை, சில நிமிடம் மட்டும் ஆடியபடி வெளியே வருகிறார். அதே நேரத்தில் உச்சியில் தீபம் ஏறுகிறது. அம்மன் தவமிருந்து இடப்பாகம் பெற்றது இந்த மண்ணில்தான் என்று பவழக்குன்றைக் காட்டிச் சொல்கிறார்கள். சாமி கதையை வைத்துப் பள்ளிச் சட்டம் போட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பண்பாட்டைக் காட்டி என் மகளின் டவுசரைக் கழற்றச் சொல்பவர்கள், அந்தப் பண்பாட்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்கிறேன்.

"அப்போ நாளைக்குப் பையன் பாவாடை கேட்டா குடுப்பீங்களா?" என்று ஒருவர் கேட்க, கூட்டம் சிரித்தது. கொடுக்கலாம் என்றேன். ஆறு வயதுப் பையன் இரண்டு நாள் சுற்றிச் சுற்றிப் பார்ப்பான், மூன்றாம் நாள் அவனே விட்டுவிடுவான், அல்லது விடாமல் போட்டுக்கொள்வான். அதனால் என்ன? நம் மாவட்டத்துப் புரிசை, கூத்துக்குப் பேர்போன ஊர். கண்ணப்பத் தம்பிரான் வாழ்ந்த ஊர். ஆண்கள் பாவாடை கட்டிப் பாஞ்சாலியாக ஆடியதை விடிய விடிய உட்கார்ந்து பார்த்து, கண்ணீர் விட்டு, கையெடுத்துக் கும்பிட்ட மக்கள் நாம். பையன் பாவாடை கட்டுவது கேலிக்குரியது என்றால், பெண் பிள்ளைக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்குவது எப்படி மரியாதையாகும்?

பாதுகாப்பு என்ற வாதத்தைச் சொன்னவர்கள் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண் பிள்ளை பெண் பிள்ளையாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று. அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொன்னது? பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்கு மேல் ஆண் குழந்தைகள். 2012இல் வந்த போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரிக்காமல் இருவரையும் காப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. துணி யாரையும் காப்பாற்றவில்லை. உடுப்பைக் காட்டிப் பயமுறுத்தி வளர்த்த பிள்ளை, நாளைக்கு ஒன்று நடந்தால் முதலில் தன் உடுப்பைத்தான் நொந்துகொள்ளும், நம்மிடம் வந்து சொல்லாது.

"கேரளாவுல பண்ணிப் பாத்தாங்க, சண்டைதான் வந்துச்சு" என்றும் ஒருவர் சொன்னார். என்ன நடந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளியில், எல்லாப் பிள்ளைகளுக்கும் சட்டையும் முழங்கால் வரையிலான கால்சட்டையும் என்று ஆசிரியர்களும் பெற்றோரும் பேசி முடிவெடுத்தார்கள். 2019 முதல் அது நடப்பில் வந்தது. சண்டை பெரிதானது 2021 டிசம்பரில், கோழிக்கோடு மாவட்டம் பாலுச்சேரியில், மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சட்டையும் பேண்ட்டும் கொண்டுவந்தபோது. ஆண் உடையைப் பெண்கள் மேல் திணிக்கிறார்கள் என்று சில முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன. யார் மேலும் எதையும் திணிக்க மாட்டோம் என்று 2022 ஆகஸ்டில் முதல்வர் பினராயி விஜயன் சொல்ல வேண்டி வந்தது. எதிர்த்தவர்களின் எல்லாக் காரணமும் எனக்கு ஏற்பில்லை. ஆனால் திணிக்கக் கூடாது என்பது சரியான பேச்சு. ஒரு கட்டாயத்தை எடுத்துவிட்டு இன்னொரு கட்டாயத்தை வைப்பதில் பிள்ளைகளுக்கு என்ன லாபம்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து 2019 முதல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகள் டவுசரோ பேண்ட்டோ போட வழி இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. பாவாடை போட விரும்பும் பிள்ளைக்கு அதுவும் உண்டு. அதுபோல ஒன்று போதும்.

அரசுச் சீருடையிலும் ஒரு முரண் உண்டு. தொடக்க வகுப்புகளில் பையனுக்கு டவுசர், பெண்ணுக்குப் பாவாடை. மேல் வகுப்புகளுக்குப் போனதும் பெண்ணுக்குச் சுடிதார் வந்துவிடுகிறது. கால் வைத்த உடுப்பு பெண்ணுக்கு ஆகாது என்று அரசு நினைக்கவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. ஆனால் வயதுக்கு வரும் நேரத்தில், மூடுவதற்காக அது வருகிறது. மரம் ஏறும் வயதில், ஓடுவதற்காக வரவில்லை.

செலவு பற்றிச் சொன்னவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அண்ணன் டவுசர் தங்கைக்கு ஆகும் என்றால் மிச்சம் எங்களுக்குத்தான். மே மாதக் கடைசியில் தேரடி வீதித் துணிக்கடைகளில் சீருடைக்காக அலையும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். "என் பேத்தியும் புதன்கிழமைன்னா மட்டும் சீக்கிரம் எழுந்துக்கறா தம்பி. ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். மறுநாள் மகளின் டைரியில், சிவப்பு மைக் குறிப்புக்குக் கீழே, எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு உடுப்பையும் அனுமதிக்கும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே அவரும் கையெழுத்துப் போட்டார்.