வீடு வீடாகவே இருக்கட்டும்

காகசஸ் மலைகளுக்குத் தன் பிள்ளைகளைக் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு ஜார்ஜியாவில் ஓர் இல்ல அருங்காட்சியகம் இருக்கிறது. சிமோன், அலெக்சாண்ட்ரா, அலியோஷா என்ற மலையேறிகளான ஜாபரிட்ஸே உடன்பிறப்புகள் மூவரின் நினைவைக் காக்கும் இடம் அது. வடமேற்கே ஸ்வானெத்தி மலைநாட்டின் மெஸ்தியாவில், பழங்காலக் கற்கோபுரத்தை ஒட்டி நிற்கும் மலையேறி மிகெய்ல் கெர்கியானியின் குடும்ப வீடும் இதைப் போன்றதே. இத்தகைய சிறிய இல்லங்களைப் பற்றி எந்த நாட்டில் பேச்செழுந்தாலும் ஒரு யோசனை தவறாமல் வந்துவிடும்: பொருட்களையெல்லாம் தலைநகரின் பெரிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே, அங்கே பாதுகாப்பு உண்டு, பார்வையாளர்களும் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும் இந்த யோசனையை ஜார்ஜியா ஒருபோதும் ஏற்கக் கூடாது. இந்த வீடுகள் இருக்கும் இடத்திலேயே, வீடாகவே, அரசின் செலவில் காக்கப்பட வேண்டும்.

ஏன் என்பதற்கு அந்த மலைகளின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஐயாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த கஸ்பெக் மலையில் 1868-ல் முதன்முதலில் ஏறியதாகப் பதிவானவர்கள் டக்ளஸ் ஃபிரெஷ்ஃபீல்டும் அவரது கூட்டாளிகளும். ஸ்வானெத்தியின் உஷ்பா மலையின் வடக்குச் சிகரம் 1888-ல் ஆங்கிலேயர் ஜான் காக்கினுக்கும் சுவிஸ் வழிகாட்டி உல்ரிக் ஆல்மருக்கும் கிடைத்தது. அதைவிடக் கடினமான தெற்குச் சிகரத்தை 1903-ல் ஜெர்மன் மொழி பேசும் அணி ஒன்று எட்டியது. அந்தக் காலத்தில்தான், உஷ்பாவில் துணிந்து ஏற முயன்ற ஆஸ்திரியப் பெண் சென்ஸி ஃபான் ஃபிக்கருக்கு, உள்ளூர்ச் சிற்றரசர் அந்த மலையையே பரிசாக எழுதிக் கொடுத்தார். அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களின் பெயர் மட்டும் சிகரங்களின் பதிவேட்டில் அநேகமாக இல்லை.

அந்தப் பதிவேட்டில் ஜார்ஜியர்கள் தாங்களே எழுதத் தொடங்கிய நாள் 1923 ஆகஸ்ட் 28. கணித அறிஞர் கியோர்கி நிகோலாட்ஸே தலைமையில் 18 பேர் கஸ்பெக்கின் உச்சியில் நின்றார்கள். அவர்களுள் பெண்களும் இருந்தார்கள். சிமோன் ஜாபரிட்ஸேயும் இருந்தார். சோவியத் மலையேற்றத்தின் தொடக்கமாகவே பின்னாளில் கொண்டாடப்பட்ட அந்த ஏற்றத்துக்கு 2023-ல் நூறாண்டு நிறைந்தது.

ஆறே ஆண்டுகளில் சிமோன் இல்லை. 1929-ல் ஸ்வானெத்தியின் தெத்னுல்டி மலையில் அவரும் தோழர் பிமென் த்வாலியும் இறந்தார்கள். எந்தக் குடும்பமும் அத்துடன் மலையை வெறுத்திருக்கும். அலெக்சாண்ட்ராவும் அலியோஷாவும் வெறுக்கவில்லை. 1934-ல், யாகோர் கஸாலிகாஷ்விலி, கியோ நிகுரியானி ஆகிய இருவருடன் அவர்கள் உஷ்பாவின் தெற்குச் சிகரத்தில் ஏறினார்கள். 1895-ல் பிறந்த அலெக்சாண்ட்ராவுக்கு அப்போது வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஜார்ஜியர்கள் தங்கள் சொந்த அணியாக அந்த உச்சியைத் தொட்டது அதுவே முதல் முறை. 1945-ல் அதே உஷ்பாவில் அலியோஷா, நிகோலோஸ் முகின், கெலெஷ்பி ஒனியானி மூவரும் திரும்பி வரவில்லை.

இரண்டு உடன்பிறப்புகளை இரண்டு மலைகளிடம் பறிகொடுத்த அந்தப் பெண்மணி, மூன்றே ஆண்டுகளில் மீண்டும் கஸ்பெக்குக்குப் போனார். ஏறத்தாழ நாலாயிரம் மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் நடுவில், பெத்லெமி என்ற குகைக்கோயில் இருப்பதாக மக்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். ஓர் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் அதற்குள் ஏற முடியும் என்பது கதை. ஜார்ஜியக் கவிஞர் இலியா சவ்சவாட்ஸே தன் ‘துறவி’ என்ற நெடுங்கவிதைக்குக் களமாக எடுத்துக்கொண்டதும் அந்தக் குகையைத்தான். 1948-ல் மலையேறி லெவான் சுஜாஷ்விலி அந்தப் பாறையில் ஏறிக் குகைக்குள் நுழைந்தார். அந்த முயற்சியில் ஐம்பதைத் தாண்டிய அலெக்சாண்ட்ராவும் இருந்தார். சங்கிலியும் இருந்தது, கோயிலும் இருந்தது. கதை என்று ஒதுக்கப்பட்டது வரலாறானது.

இந்த நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழையில் இவை எப்படி வைக்கப்படும் என்று எண்ணிப்பாருங்கள். 1923-க்கு ஒரு பேழை, 1934-க்கு இன்னொன்று, குகைக்கு வேறொரு கூடம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சாதனைக் குறிப்பு. 1929-க்கும் 1934-க்கும் நடுவிலுள்ள ஐந்து ஆண்டுகளுக்கு அங்கே இடமில்லை. அந்த ஐந்து ஆண்டுகள் கழிந்தது ஒரு வீட்டில். இறந்தவரின் இடம் காலியாகக் கிடந்த வீட்டில்தான், மறுபடி மலைக்குப் போவது என்ற முடிவும் எடுக்கப்பட்டிருக்கும். இந்தக் குடும்பத்தின் உண்மையான வீரம் நிகழ்ந்த இடமென்று உஷ்பாவின் உச்சியைவிட அந்த ஆண்டுகளைத்தான் நாம் சொல்லுவோம். அதை உணர வேண்டுமானால் ஒரு வாசற்படியைத் தாண்டி உள்ளே போக வேண்டும்.

கெர்கியானி குடும்பத்தின் கதையும் இதையே சொல்கிறது. மிகெய்லின் தந்தை பெக்னுவும் உறவினர் கப்ரியேலும் 1937-ல் உஷ்பாவின் தெற்குச் சிகரத்தில் ஏறிய ஸ்வானெத்தி அணியில் இருந்தவர்கள். 1943 பிப்ரவரியில், கடுங்குளிரில், 5,642 மீட்டர் உயர எல்ப்ரஸ் மலையின் உச்சியிலிருந்து நாஜிக் கொடிகளை அகற்றச் சென்றவர்களிலும் இருவரும் உண்டு. மிகெய்லுக்கு அப்போது வயது பத்தோ பதினொன்றோ. பின்னாளில் பாறை ஏறுவதில் அவர் காட்டிய வேகத்தைக் கண்டு ‘பாறைப் புலி’ என்று வெளிநாட்டவரும் அழைக்கத் தொடங்கினார்கள். 1969 ஜூலையில் இத்தாலியின் டோலமைட் மலைகளில், சு ஆல்டோ முகட்டில், கல்சரிவில் சிக்கி இறந்தார். ருஷ்யக் கவிஞர் விளாதிமிர் விசோட்ஸ்கி அவர் நினைவாக ஒரு பாடல் எழுதினார். தந்தை, சிற்றப்பன், அண்ணன் என்று ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறிய சமூகம் அது. தன் எடையைத் தாங்குவான் என்று நம்பக்கூடியவனோடுதான் கயிற்றைப் பகிர முடியும். அந்த நம்பிக்கை வீட்டுக்குள் விளைந்தது. தனிமனிதனுக்குச் சிலை வைப்பது எளிது. இங்கே நினைவுகூர வேண்டியது குடும்பத்தை. அதற்கு வீட்டைவிடப் பொருத்தமான வடிவம் வேறில்லை.

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றில் கனமானது பாதுகாப்பு பற்றியது. பழைய கயிறும் கம்பளி உடையும் கையெழுத்துக் குறிப்புகளும் ஈரத்துக்கும் பூச்சிக்கும் எளிதில் இரையாகும். ஒரு குடும்பத்தாரின் அன்பு மட்டும் அவற்றைக் காக்காது. இது உண்மை. ஆனால் இந்த உண்மையிலிருந்து பொருளை இடம்பெயர்க்க வேண்டும் என்ற முடிவு வரவில்லை. பயிற்சி பெற்ற ஆளை அனுப்ப வேண்டும் என்ற முடிவுதான் வருகிறது. ஸ்வானெத்தியின் பழங்காலத் திருவுருவங்களையும் கையெழுத்துச் சுவடிகளையும் தலைநகர் திபிலிசிக்குக் கொண்டுபோகாமல் மெஸ்தியாவின் அருங்காட்சியகத்திலேயே தரமாகக் காக்க முடிகிறது. அதே ஊரின் ஒரு வீட்டுக்கு அந்த நிபுணர்களின் உதவி கிடைப்பதில் என்ன தடை? பார்வையாளர்கள் குறைவு என்பது இன்னொரு வாதம். மெஸ்தியாவில் 2010-ல் விமான நிலையம் திறக்கப்பட்டது. மேல் ஸ்வானெத்தி 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. தெத்னுல்டியின் சரிவில் இப்போது பனிச்சறுக்கு மையம் இயங்குகிறது. சிமோன் இறந்த மலையில் சறுக்கி விளையாட ஆள் வருகிறார்கள் என்றால், அவர் யார் என்று அவர்களுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு செய்வது அரசின் கடமை.

வீடுகளைக் காப்பதோடு நாம் நிறுத்திக்கொள்ளவில்லை. அவற்றில் சொல்லப்படும் கதையும் திருந்த வேண்டும். சோவியத் ஆட்சி மலையேற்றத்தைத் தன் வெற்றிப் பிரகடனமாக்கிக்கொண்டது. அதே ஆட்சிதான் மலையேற்ற இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான நிகோலாய் கிரிலென்கோவை 1938-ல் சுட்டுக் கொன்றது, புகழ்பெற்ற விதாலி அபலகோவைச் சிறையில் அடைத்தது. அக்காலத்து வீர வரலாறுகளில் பயமும் பிழையும் வாய்திறவாத் துயரமும் காணப்படாததில் வியப்பில்லை. இன்றைய இல்ல அருங்காட்சியகம் அந்தப் பழைய நடையிலேயே பேச வேண்டியதில்லை. ஜாபரிட்ஸே சகோதரர்களோடு இறந்த த்வாலி, முகின், ஒனியானி ஆகியோரை அடிக்குறிப்பிலிருந்து சுவருக்குக் கொண்டுவர வேண்டும். அலெக்சாண்ட்ராவை ‘சகோதரி’ என்ற ஒரு சொல்லில் அடக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உடன்பிறப்புகள் மூவரில் மிக நீண்டகாலம் மலைகளோடு வாழ்ந்தவர் அவர். அந்த வீட்டின் கதை அவர் பெயரில் தொடங்குவதே முறை.

புகைப்படங்கள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இத்தாலியர் விட்டோரியோ செல்லா 1889 முதல் மூன்று பயணங்களில் காகசஸைப் படமெடுத்தார். அவரது கண்ணாடித் தகடுகள் அவர் ஊரான பியெல்லாவில், குடும்பத்தின் பெயரிலான அறக்கட்டளையின் பொறுப்பில், இன்றும் பழுதில்லாமல் இருக்கின்றன. அந்தப் படங்களில் காணும் பனியாறுகளையும் இன்றைய நிலையையும் அருகருகே வைத்துத்தான் எவ்வளவு பனி கரைந்துபோனது என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். செல்லாவுக்குப் பின், 1920-களிலும் 30-களிலும் அதே சரிவுகளில் நடந்தவர்கள் ஜார்ஜிய மலையேறிகள். அவர்களின் குடும்பங்களிடம் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு படமும், ஒவ்வொரு நாட்குறிப்பும், காகசஸின் பனி பற்றிய சாட்சி. ஒரு பெட்டியில் மட்கிப்போகும் ஒவ்வொரு சுருளும் ஈடுசெய்ய முடியாத இழப்பு. தன் மலைகளின் நூறாண்டு முகத்தைப் பார்க்க ஜார்ஜியா பியெல்லாவுக்கு மட்டுமே போக வேண்டிய நிலை வரக் கூடாது.

ஜார்ஜிய அரசு செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. மலையேறிகளின் இல்லங்கள் அனைத்தையும் கட்டடத்தோடும் பொருட்களோடும் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கட்டும். வீட்டாரின் உரிமையைப் பறிக்காமல், அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்குக் காப்பாளர் பணியும் ஊதியமும் தரட்டும். படங்களையும் குறிப்பேடுகளையும் உடனடியாக நகலெடுத்து, மலைப் புவியியல் படிக்கும் மாணவர்களுக்குத் திறந்துவிடட்டும். மெஸ்தியாவுக்கும் கஸ்பெக்குக்கும் வரும் பயணிகளால் கிடைக்கும் வருவாயில் மிகச் சிறிய பங்கே இதற்குப் போதும். அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே அந்தத் தொகை ஒதுக்கப்பட வேண்டும்.