கைக்கடிகாரம் சொல்லும் சாட்சி



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்தபின், நம் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் கலங்கிய முகத்தோடு தம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். "ஐயா, இருதயத் துடிப்பின் மாறுபாடு பாதியாகக் குறைந்துவிட்டதென்று இது சொல்லுகிறது. இரவெல்லாம் உறக்கமில்லை" என்றார். உங்களில் அநேகருக்கு இதே கலக்கம் உண்டென்று அறிவேன்.

நிமிடத்திற்கு 60 முறை துடிக்கும் இருதயம், மிகச்சரியாக விநாடிக்கு ஒருமுறை துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் சற்று விரைகிறது, வெளிவிடுகையில் தாமதிக்கிறது. மில்லிவிநாடிக் கணக்கிலான இந்த வேறுபாடே மாறுபாடு எனப்படுகிறது.

அதை அளப்பதற்கு ஈசிஜி, இருதயத்தில் எழும் மின்துடிப்பையே பதிவுசெய்கிறது. அதன் கூரிய முனை, துடிப்பின் நேரத்தைத் துல்லியமாய்க் காட்டும். இம்முறையை உருவாக்கிய நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன் 1924-இல் நோபல் பரிசு பெற்றார். கைக்கடிகாரமோ தோலின்மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பிவரும் ஒளியைக்கொண்டு மணிக்கட்டின் இரத்த ஓட்டத்தைக் கணிக்கிறது. இருதயத்திலிருந்து அந்த அலை கைக்கு வந்துசேரச் சற்று நேரமாகிறது. அந்த நேரமும் இரத்த அழுத்தத்திற்கும் மூச்சுக்கும் ஏற்ப மாறுகிறது. அலையின் முகடும் மழுங்கியது. கை அசைந்தாலும், குளிர்ந்தாலும், பட்டை தளர்ந்தாலும் கணக்குத் தவறும். முந்திவரும் பலவீனமான துடிப்பு சிலவேளை மணிக்கட்டை எட்டுவதேயில்லை.

ஈசிஜி நேரில் கண்ட சாட்சி. கடிகாரம் கேள்விப்பட்டதைச் சொல்லும் சாட்சி. ஆகிலும் கடிகாரத்தைத் தள்ளிவிடும்படி நான் சொல்லவில்லை. உறக்கத்திலும் அசையாத ஓய்விலும் அதன் கணக்கு ஈசிஜிக்குப் பெரும்பாலும் நெருங்கியே வருகிறது. பல வாரங்களின் போக்கை அறிய அது போதும். ஒரு நாளின் எண்ணை மட்டும் கண்டு அஞ்சவேண்டாம். உறக்கக் குறைவும் காய்ச்சலும் மனக்கவலையும்கூட அந்த எண்ணைக் குறைக்கும். நம் சகோதரரை உறங்கவிடாத பயமே மறுநாளின் எண்ணையும் தாழ்த்தியிருக்கக்கூடும்.

வீண் பயத்திலும் கொடியது வீண் தைரியம். மார்புவலியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால், கடிகாரம் நலமென்று சொன்னாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். துடிப்பு ஒழுங்கற்றிருப்பதாய் அது அடிக்கடி எச்சரித்தால், மருத்துவரிடம் ஈசிஜி எடுத்து உறுதிசெய்யுங்கள்.

இன்றிரவு அந்த எண்ணைப் பாராமல், ஜெபித்து நிம்மதியாய் உறங்குங்கள்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்