இரண்டாவது வழி

சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்த ஐப்பசி மாலையொன்றில், பினாங்கு லெபோ பசாரில் என் நண்பர் நடத்திவந்த சிறிய அச்சகத்தில், கோலாலம்பூரிலிருந்து மின்னஞ்சலில் வரவேண்டிய ஒரு துணிக்கடை விளம்பரத்தின் வாசகத்துக்காக நாங்கள் இருவரும் காத்திருந்த வேளையில், இடியோடு வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, அகலக்கற்றைப் பெட்டியில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்குகளில் ஒன்று அணைந்துபோயிற்று. நண்பர் பதறவில்லை, மேசைக்கடியிலிருந்து பழைய மோடத்தை எடுத்துத் தூசி தட்டி, தொலைபேசிக் கம்பியை அதில் செருகி, தம்முடைய லினக்ஸ் கணினியிலிருந்து டயல் செய்தார். மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, பிறகு மௌனமாயிற்று. இணைப்புக் கிடைத்துவிட்டதாகத் திரையும் சொல்லிற்று. ஆயினும் ஒரு கடிதம்கூட வந்து சேரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடித்தது. வெளியுலகுக்குச் செல்லும் செய்திகளை எந்த வாசல் வழியாக அனுப்புவது என்பதை லினக்ஸ் ஒரு சிறு அட்டவணையில் குறித்துவைத்துக்கொள்கிறது. அதற்கு இயல்பு வழி என்று பெயர். கணினிக்கும் அகலக்கற்றைப் பெட்டிக்கும் இடையிலுள்ள கம்பி பழுதின்றி இருந்தமையால், பெட்டிக்கு அப்பால் பாதை அழிந்த விஷயம் கணினிக்குத் தெரியவில்லை; டயல்-அப் இணைப்பை நடத்தும் பிபிபிடி என்னும் நிரலோ, ஏற்கெனவே ஓர் இயல்பு வழி இருக்குமானால் அதைத் தானாக மாற்றாத சுபாவமுடையது. ஆகவே செய்திகள் யாவும் அடைபட்ட வாசலிலேயே போய் முட்டிக்கொண்டிருந்தன. அட்டவணையிலிருந்த அந்தப் பழைய வரியை ஒரே கட்டளையால் நீக்கி, பெயர் வழங்கியின் முகவரியையும் திருத்தி, நண்பர் மறுபடி டயல் செய்தவுடன், விநாடிக்கு நான்கைந்து கிலோபைட் என்ற நத்தை வேகத்தில் வாசகம் வந்து சேர்ந்தது; அன்றிரவே அச்சேறிற்று.

இரண்டாவது வழி ஒன்றை வைத்திருப்பது மட்டும் போதாது, எந்த வழியில் போகிறோம் என்பதைப் பார்த்தறியவும் அதை நம் கையாலேயே மாற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அன்று நான் கற்ற பாடம். அந்த அட்டவணையை மறைத்துவைக்காமல், கேட்டவர் எவருக்கும் திறந்து காட்டுவது லினக்ஸின் பெருங்குணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த இரண்டாவது வழி உண்மையிலேயே வேறு வழியாகவும் இருத்தல் அவசியம். அன்று எங்களிடமிருந்த டயல்-அப்பும் அகலக்கற்றையும் ஒரே செப்புக் கம்பியில் வந்தவை. அந்தக் கம்பியே அறுந்திருந்தால் இரண்டும் ஒருசேரப் போயிருக்கும். 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்கோடியருகே நேர்ந்த பூகம்பத்தில் கடலடிக் கேபிள்கள் பல அறுபட்டு, மலேசியாவில் இணையம் தளர்ந்த நாட்களில், வேக இணைப்பு வைத்திருந்தவரும் டயல் செய்தவரும் வெளிநாட்டுத் தளங்களுக்காக ஒன்றுபோலவே காத்திருக்க நேர்ந்தது. பினாங்கில் கரையேறி, கொச்சி வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை செல்லும் சேஃப் போன்ற மேற்குக் கேபிள்கள் அந்தப் பூகம்பத்துக்கு எட்டாத தூரத்தில் கிடந்தன. திசை வேறாக இருப்பதன் மதிப்பு இதுதான்.

டயல்-அப்பின் காலம் முடிந்துவிட்டது. 1992இல் இந்நாட்டுக்கு முதன்முதலில் இணையச் சேவை அளித்த ஜாரிங்கும் இன்று இல்லை. எனினும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. செப்புத் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இன்றைய கண்ணாடியிழைப் பெட்டியோ வீட்டில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். அப்போது கைகொடுப்பது கைபேசி இணைப்பே. ஆதலால் இழை ஒரு நிறுவனத்தினுடையதாக இருந்தால், கைபேசி வேறொரு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். லினக்ஸ் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் கொடுத்துச் சிறிய எண்ணுக்கே முதலிடம் தருகிறது. அந்த எண்ணை மாற்றும் எளிய வித்தையை நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினிக்கூடங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

வாசகர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. மழைக்காலம் வருவதற்குள், அவசரமில்லாத ஒரு நாளில், வீட்டு இணைப்பின் கம்பியை நீங்களே கழற்றிவிட்டு, இரண்டாவது வழியில் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள்.