பாலத்துக்கு ஊர்ப் பெயர், கல்லில் தலைவர் பெயர்

சென்னை அண்ணா சாலையில் போகும் எந்த மாநகரப் பேருந்திலும் நடத்துநர் "ஜெமினி, ஜெமினி... இறங்குறவங்க முன்னாடி வாங்க" என்றுதான் குரல் கொடுக்கிறார். வாசனின் ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த இடத்தில் இப்போது நட்சத்திர ஹோட்டல் நிற்கிறது. 1973 ஜூலையில் முதல்வர் கருணாநிதி அங்கே திறந்துவைத்த மேம்பாலத்துக்கு அரசு வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். அரை நூற்றாண்டு கழிந்தும் பெயர்ப் பலகையைத் தவிர வேறெங்கும் அது ஒட்டவில்லை.

இதனால் சென்னைக்கு அண்ணா மேல் மரியாதை குறைந்துவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா? அவர் பெயரில் நகர் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் நூலகம் இருக்கிறது. அவற்றையெல்லாம் மக்கள் சிரமமின்றி அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். பாலத்தின் கதை வேறு. இறங்கும் இடம் சொல்லவும், ஆட்டோக்காரருக்கு வழி சொல்லவும், 108-க்குப் பதற்றத்தோடு போன் செய்து விபத்து நடந்த இடத்தைச் சொல்லவும்தான் பாலத்தின் பெயர் வாயில் வருகிறது. அந்த நேரத்தில் நாக்கு ஊரைத்தான் தேடும். 1988-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த அன்னை இந்திரா காந்தி பாலத்தை ராமேஸ்வரம் போகிறவர்கள் பாம்பன் பாலம் என்றே சொல்வதும் இதனால்தான்.

ஆனாலும் ஒரு பாலம் கட்டி முடிவதற்குள் யார் பெயர் என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. 2025 செப்டம்பரில் தியாகராய நகரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு மறைந்த தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர் ஜெ.அன்பழகன் பெயர். அடுத்த மாதம் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்குக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி.நாயுடு பெயர். தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வெளிவந்த அதே சமயம் என்பதால், "பாலத்தில் மட்டும் நாயுடுவா?" என்ற கேள்வி எழுந்தது. அந்த மனிதரின் மோட்டாரையும் சவர பிளேடையும் பற்றிப் பேச வேண்டிய நாட்களில் ஊர் முழுக்க அவர் சாதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. கௌரவிப்பதாக நினைத்துக்கொண்டு அவரைச் சங்கடத்தில் நிறுத்தினோம்.

அ.தி.மு.க. மட்டும் சளைத்ததா என்ன! 2019-இல் சென்ட்ரல் ரயில் நிலையம் 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன்' என்ற அடைமொழிகளோடு நீண்டது. அடுத்த ஆண்டில் மூன்று மெட்ரோ நிலையங்களுக்கும் அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா பெயர்கள் சூட்டப்பட்டன. ரயில்வேயோ சென்ட்ரலின் குறியீட்டில் 'எம்.ஏ.எஸ்.' என்று பழைய மெட்ராஸையே இன்னும் வைத்திருக்கிறது!

இதற்கு ஒரு முடிவைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒருமுறை கண்டது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படைத்தளபதி அவர். பட்டியல் சமூகத்தில் பிறந்தவர். அவர் பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்ப, தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் கருணாநிதி அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் ஆனது, பெரியார் மாவட்டம் ஈரோடு ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. அந்த முடிவு பிறந்த விதம் அழகானதல்ல. சாதி வெறிக்கு முன் அரசு பின்வாங்கியது என்பதே உண்மை. சுந்தரலிங்கத்துக்குக் கிடைத்த மரியாதை நீடித்து நிலைக்கவில்லை. ஆனால், அதிலிருந்து கிடைத்த விதி இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது. ஈரோட்டுக்காரர் யாரும் அதனால் பெரியாரை மறக்கவில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கவில்லை. நிறைய இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்க 1978-இல் தீர்மானம் போட்டார்கள். அது நிறைவேற 1994 வரை ஆனது. இடையில் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின. மறுக்கப்பட்டவர்கள் பதினாறு ஆண்டு போராடி வாங்கிய பெயரையும், திறப்பு விழாவுக்கு முன் கோட்டையில் இருந்து வரும் அறிவிப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. சென்னையிலேயே பக்கிங்ஹாம் கால்வாய் மேல் ஹாமில்டன் பாலம் இருந்தது. அது நம்மவர் வாயில் அம்பட்டன் வாராவதி ஆகி, அதையே வெள்ளைக்காரர் மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' ஆக்கினார்கள். பின்னாளில் அது அம்பேத்கர் பாலம் ஆனது. அந்த மாற்றத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை யாரும் திருப்ப வேண்டியதில்லை. நாம் எதிர்ப்பது, ஆளும் கட்சி தன் ஆட்களின் பெயரைப் பொதுப் பணத்தில் கட்டிய பாலத்தில் தானே எழுதிக்கொள்வதைத்தான்.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் ஒரு பாலம் வந்தது. கட்டியவர் கோஜா பெட்ரஸ் ஊஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் கட்டியவைதான். கும்பினி பணத்தில் அல்ல, தன் கைக்காசில் பாலத்தைக் கட்டினார். பராமரிப்புக்கும் தனியே பணம் வைத்துவிட்டுப் போனார். (இன்றைய மேம்பாலங்களில் எத்தனைக்கு அந்தக் கொடுப்பினை உண்டு?) அவ்வளவு செய்தவர் பாலத்துக்குத் தன் பெயரை வைக்கவில்லை. அருகிலிருந்த மாம்பலத்தின் பெயர்தான், வெள்ளைக்காரர் உச்சரிப்பில் மார்மலாங் என்று திரிந்து, அதற்கு வழங்கியது. ஊஸ்கானின் பெயர் கல்வெட்டில் இருந்தது. 1966-இல் பழைய பாலம் போய்ப் புதுப் பாலம் வந்தது. மறைமலை அடிகள் பெயர் சூட்டினார்கள். மக்களுக்கு அது சைதாப்பேட்டைப் பாலம். பாலம் போன பிறகும் அந்தக் கல் மட்டும் சாலையோரத்தில் மிஞ்சி நின்றது.

பாலத்துக்கு ஊரின் பெயர், கட்டியவருக்கு ஒரு கல் என்ற அந்த ஏற்பாட்டில் என்ன குறை? தலைவரை நினைக்க வேண்டுமானால் பாலத்தடியில் கல் வைக்கலாம், அவர் என்ன செய்தார் என்று நாலு வரி எழுதலாம். அதே கல்லில் பொறியாளர் பெயரும், வேலையின்போது உயிர்விட்ட தொழிலாளி இருந்தால் அவர் பெயரும் இடம் பெறட்டும். 1997-இல் மாவட்டங்களுக்கும் பேருந்துகளுக்கும் எடுத்த முடிவைப் பாலங்களுக்கும் மெட்ரோ நிலையங்களுக்கும் நீட்டி அரசாணை வெளியிட வேண்டும். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், அடுத்த பாலத்தின் திறப்பு விழாவுக்கு முன்பே அந்த ஆணை வரட்டும்.