சூட்டில் அடம் பிடிக்கும் களை எஞ்சின்

மழை விட்டு, கரிசல் மண் கால் வைக்கும் பதத்துக்கு வந்ததும், சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டைப் பகுதிகளில் மக்காச்சோளத்தையும் பருத்தியையும் களை முந்திக்கொள்ளும். கைக்களைக்கு ஆள் தேடினால், பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளுக்குப் போனவர் போக மிஞ்சுவோர் சொற்பமே. ஆகவே சிறு விவசாயிகளும் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பவர் வீடரை நம்ப வேண்டியதாயிற்று.

காலையில் ஒரே இழுப்பில் ஓடும் இந்த எஞ்சின், நடுப்பகலில் நிறுத்தினால் பத்து இழுப்புக்கும் மசிவதில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது. உடனே கார்புரேட்டரைக் கழற்றுவதும், புதிதாக வாங்கி மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. இது பெரும்பாலும் வீண் செலவு. முதலில் பார்க்க வேண்டியவை பொறியும் வால்வு இடைவெளியுமே.

சூட்டில் மட்டும் பொறி வரவில்லையென்றால் இக்னிஷன் காயிலைச் சந்தேகிக்கலாம். சோதிக்கும்போது பிளக் துளைக்கோ பெட்ரோல் டேங்குக்கோ அருகில் பொறி விழலாகாது. பொறியின் குணத்தைச் சிவகாசி வட்டாரத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கொதிக்கும் எஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவோர் உண்டு!

பொறி நன்றாக இருந்து, கயிற்றில் காலையிலிருந்த பிடிப்பு இல்லையென்றால், வால்வு சரியாக மூடவில்லை என்று கொள்ளலாம். நாளாக நாளாக வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்ளே இறங்கும். டாப்பெட் இடைவெளி குறையும். புகை வெளியேறும் வால்வு சூட்டில் நீளும்போது அந்தச் சிறு இடைவெளியும் போய், வாய் முழுதும் மூடாமல் அமுக்கம் கசிந்துவிடும். இடைவெளி அளவுக்கு மீறினாலும் தொல்லைதான். இழுப்பை இலகுவாக்க வால்வைச் சற்றே தூக்கும் அமைப்பு அப்போது வேலை செய்யாது. கயிறு கையைப் பிடுங்கும்.

இதே வகை எஞ்சின்தான் மேல்நாடுகளில் புல்தரை வெட்டுகிறது. அங்கே வாரத்துக்கு ஒரு மணி நேர வேலை. இங்கே புழுதியில் நாளுக்கு ஆறு மணி நேரம். ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 300 மணி நேரத்துக்கு ஒரு முறை வால்வைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் கணக்கில் 300 மணி என்பது 50 நாள் உழைப்பு. வாடகைக்கு ஓட்டுவோருக்கு ஒரே பருவத்தில் முடிந்துவிடும். ஆகவே எஞ்சினோடு பீலர் கேஜ் ஒன்றைத் தருவதும், ஒப்படைக்கும் நாளிலேயே வால்வு பார்க்கக் காட்டிக் கொடுப்பதும் விற்பனையாளர் கடமையாக வேண்டும். மானியத்தில் தரும் இயந்திரத்துக்கு இதை நிபந்தனையாகவே வைக்கலாம்.

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே அளக்க வேண்டும். பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, மேல்மூடியைத் திறந்து, இரு வால்வுகளும் மூடி பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்குக் கயிற்றை மெல்ல இழுக்கவும். மேற்சொன்ன எஞ்சினில் காற்று நுழையும் வால்வுக்கு 0.15 மில்லி மீட்டர், புகை வால்வுக்கு 0.20 மில்லி மீட்டர். மற்ற எஞ்சின்களுக்கு அவற்றின் கையேட்டு அளவே சரி. தகடு லேசான உரசலுடன் நுழைய வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடுமாதலால், இறுக்கியபின் மறுபடி ஒரு முறை அளந்துவிட்டே மூடியைப் போடவும்.